மாத்திரை போட்ட பிறகு

மாடிக் கொடியில் காய்ந்த குழந்தைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள் மூத்த மருமகள். யாரும் ஏவாமல் அவளே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. பின்னால் வந்த ஓரகத்திக்கோ வந்த வருடமே பிள்ளை. சட்டையை எவ்வளவு வேண்டுமானாலும் மடிக்கலாம். பிள்ளையைத் தூக்கினால்தான் வம்பு. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மாமியார் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

இளையவள் மாடியேறி வந்து, படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முந்தாநாள் ராத்திரி கொஞ்சம் அசட்டையா இருந்துட்டோம். மெடிக்கல்ல போய்க் கேக்க ஒரே வெக்கம். இன்னிக்குக் காலைலதான் கரு தங்காம இருக்கற மாத்திரை வாங்கிப் போட்டேன். மூணு நாளுக்குள்ள போட்டாப் போதுமாமே?"

"கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வாரம் ஆச்சு. ஏன்க்கா? நேத்து அடிவயித்துல ஒரு பக்கமா சுருக்குன்னு வலிச்சுது. இப்ப இல்ல."

மூத்தவளின் கை நின்றது. முட்டை வெளியே வரும்போது வரும் அந்த வலிக்காக அவள் எத்தனை மாதம் தவம் கிடந்திருக்கிறாள். டாக்டர் வீட்டு வாசல்களில் செருப்பு தேயத் தேயக் கற்றது இது: அந்த மாத்திரை முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதனால்தான் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பார்கள். முட்டை வந்துவிட்டால் மாத்திரையை நம்பிப் பிரயோசனமில்லை. ஐந்து நாளுக்குள் கருப்பையில் காப்பர்-டி வைத்துக்கொள்வதுதான் வழி. வேண்டும் வேண்டும் என்று அழுது படித்த பாடம், வேண்டாம் என்பவளுக்கு உதவுகிறது! வயிறு எரிந்தது.

"முதல் பிரசவமே ஆபரேஷன். இப்பவே இன்னொண்ணு வந்தா தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நல்லவேளை, மாத்திரை போட்டுட்டேன்" என்று இளையவள் பெருமூச்சு விட்டாள்.

பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சட்டையை மடித்தால் போதும். படட்டுமே, எல்லாம் சுலபமாகக் கிடைத்தவள்தானே என்று தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே இன்னொரு தொட்டிலும் கண்ணில் ஆடியது. அதையும் மாமியார்தான் ஆட்டுவாள். அந்தச் சட்டைகளையும் இவள்தான் மடிப்பாள்.

"மாத்திரைய நம்பி உக்காந்திருக்காத. உனக்கு நேத்தே முட்டை வந்திருக்கும். காப்பர்-டி வெக்கணும். கெளம்பு, இப்பவே போயிடலாம். புள்ளைக்குச் சளின்னு அத்தைகிட்டச் சொல்லிக்கலாம்."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவகூட இவ்வளவு அக்கறையா சொல்ல மாட்டாக்கா."

மூத்தவளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்ல வைத்தது இரக்கமா எரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் இளையவளை உள்ளே கூப்பிட்டபோது பிள்ளை இவள் கைக்கு வந்தது. பிடுங்கிக்கொள்ள யாருமில்லை. கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

இளையவள் வயிற்றைப் பிடித்தபடி மெல்ல வெளியே வந்து, சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிப் பெரியம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. அந்தக் கையை விடுவிக்க மூத்தவள் அவசரப்படவில்லை.