மக்பால் அபாய் செருகிய போன்

அல்மாட்டியில் பஸ் நடத்துனர்களுக்கு டிக்கெட் எந்திரம் செய்யும் சின்ன நிறுவனத்தில் கர்னல் டிரைவர், அதாவது எந்திரத்தின் பாகங்களை இயக்கும் அடிமட்ட மென்பொருள், எழுதுகிறவள் ரைஹான். எந்திரத்துக்கு இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி வாய். அதில் பிரிண்டரைச் செருகினால் எந்திரம் எஜமானாகிக் கட்டளையிட வேண்டும். கணினியில் செருகினால் பணியாளாகி அடங்க வேண்டும். இந்த வேஷமாற்றத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியிருந்தாள்.

அன்று காலை பத்து மணிக்கு டிப்போ தலைவி மக்பால் பார்வையிட வந்தார்; வயதில் மூத்த பெண் என்பதால் எல்லோருக்கும் 'அபாய்'. பிரிண்டர் ஓடியது. கணினியும் ஒத்துழைத்தது. முதலாளி ஒரஸ்பெக் மீசையைத் தடவிக்கொண்டார்.

"போன்ல ஒட்டுமா இது?" என்ற அபாய், யாரும் தடுக்குமுன் தன் போனையே செருகிவிட்டார்.

டிங். டிங். டிங்.

போனுக்கும் இரண்டு வேஷமும் தெரியும். ஒரு நொடி எந்திரம் எஜமான், மறுநொடி போன்.

"என்ன இது, நிக்கவே மாட்டேங்குது?"

"வரவேற்பு மணி, அபாய்," என்றார் ஒரஸ்பெக்.

"நாப்பது தடவையா வரவேற்பீங்க?"

ரைஹானுக்குக் காது சிவந்தது. "இல்ல அபாய். யாரு எஜமான்னு ரெண்டும் மாத்தி மாத்தி விட்டுக்குடுக்குதுங்க."

"எங்க வீட்டுக்காரரும் அவரு அண்ணனும் வாசல்ல இப்படித்தான். நீங்க போங்க, நீ போன்னு கறி ஆறிப்போகும். உள்ள போயிட்ட மனுசன்கிட்ட மறுபடி 'உள்ள போங்க'ன்னா, வெளிய வந்துட்டு திரும்பப் போவாரு!"

ரைஹான் சட்டென்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய டிரைவரும் அதையேதான் செய்தது. எந்திரம் ஏற்கெனவே எஜமானாக இருக்கும்போதே மறுபடி 'எஜமானாகு' என்றது. எந்திரம் இணைப்பை அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. அறுந்ததும் போன் அடுத்த வேஷத்துக்குத் தாவியது.

கேட்ட வேஷத்தில்தான் இருக்கிறோம் என்றால் சும்மா இரு. இரண்டே வரியில் இதைச் சேர்த்தாள். ஒரஸ்பெக் மூன்றாவது கிண்ணம் பால் தேநீர் ஊற்றுவதற்குள் புது டிரைவரை ஏற்றி, போனைச் செருகினாள்.

ஒரே ஒரு டிங்.

"இப்ப யாரு எஜமான்?"

"எந்திரம், அபாய்."

"எஜமான்னா சோறு போடணுமே. சார்ஜ் ஏறுதா?"

"ஏறுது."

"அப்ப முப்பது எந்திரம் அனுப்பு."

மதியமே திருத்தத்தை, உலகெங்கும் கர்னலைப் பராமரிக்கிறவர்களின் அஞ்சல் குழுவுக்கு அனுப்பிய ரைஹான், 'சோதித்தவர்' என்ற இடத்தில் மக்பால் அபாயின் பெயரைப் போட்டாள். இரண்டு நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு ஜெர்மானியர் கேட்டிருந்தார்: திருத்தம் சரி, சோதித்த முறை என்ன?

வெகுநேரம் யோசித்து எழுதினாள்: "யாரையும் கேட்காமல் செருகினார்."