இரைச்சல் பிறக்கும் இடம்

ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழை ராஜேந்திரா இடது கோடி வரை திருகினான். உறுமல் கொஞ்சமும் குறையவில்லை.

“நல்லது,” என்றான்.

எதிரே தரையில் குந்தியிருந்த நிசாம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “இதுல என்னப்பா நல்லது? பருப்பு வேகுற பானை மாதிரி கொதிக்குது.”

“குமிழைக் கொறச்சும் சத்தம் கொறையல. அப்ப அது குமிழுக்கு முன்னாடி பொறக்கல, பின்னாடிதான் பொறக்குது. பாதிப் பெட்டிய தேட வேணாம் பாரு.”

பெட்டி நிசாமுடையது. லோவு ஊரில் கல்யாணம் எதுவானாலும் அவனும் அவன் கிதாரும் இந்த ஆம்ப்ளிஃபயரும்தான். காலையில் ராஜேந்திரா ஆளனுப்பிக் கேட்டதும், ஏன் எதற்கு என்று கேளாமல் வேனில் ஏற்றி நடபுவாவில் இருக்கும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். காரணத்தை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டான்.

உள் அறையில் ராஜேந்திராவின் அப்பா சின்னப்பன் கிடந்தார். தொண்டையில் வளர்ந்த கட்டி அவர் குரலைத் தின்று, மூச்சோடு கலந்த ஒரு கிசுகிசுப்பை மட்டும் மீதி வைத்திருந்தது. இன்று தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூடத்து நாற்காலியில், முதல் பஸ்ஸில் வரதோலியிலிருந்து வந்த சித்தப்பா கன்னையா உட்கார்ந்திருந்தார். கரும்பு பிழியும் உருளைகளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்து காது போனவர். பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும்.

அண்ணனால் பேச முடியாது, தம்பிக்குக் கேட்காது. இருவருக்கும் நடுவில் பல வருஷமாக ஒரே ஒரு கேள்வி நின்றது.

புயலடித்த ஒரு மார்ச் மாதம் அவர்களுடைய தாய் இந்த வீட்டில் இறந்துபோனாள். ஆறு பாலத்துக்கு மேலே ஓடியதால் கன்னையா அக்கரையிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் வடிந்து அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாயின் வாயில் அவர் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அம்மா போகும்போது என்னைக் கேட்டாளா என்று ஆள் விட்டுக் கேட்டார். கேட்டாள் என்றான் ஒருவன். கேட்கவே இல்லை என்றான் இன்னொருவன். திட்டிக்கொண்டே போனாள் என்றான் மூன்றாமவன். “அவன் வந்து கேக்கட்டும், சொல்றேன்” என்றார் சின்னப்பன். “அவன் வந்து சொல்லட்டும்” என்றார் கன்னையா. அத்தோடு சரி. ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில்கூட ஒருவர் முதல் வரிசை என்றால் மற்றவர் கடைசி வரிசை.

இன்று கன்னையா வந்துவிட்டார். அப்பாவின் வாயருகே காதை வைத்துக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்கிறேன் என்று ராஜேந்திரா சொன்னான். சித்தப்பா கையை உயர்த்தித் தடுத்தார். “ஆள் சொல்லிக் கேட்டதெல்லாம் போதும்டா. அவன் வாயால கேக்கணும்.” எழுதிக் காட்ட அப்பாவுக்குக் கை எழும்பவில்லை. எழுதினாலும் சித்தப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்போதுதான் ராஜேந்திராவுக்கு மைக்கும் நிசாமின் பெட்டியும் நினைவுக்கு வந்தன.

ஒன்றை அவன் எதிர்பார்க்கவில்லை. கல்யாணப் பந்தலில் கிதார் பெரிதாக ஒலிக்கும். பெட்டிக்குள் இருக்கும் இரைச்சல் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மூச்சளவு குரலைக் கேட்க வேண்டுமென்றால் பெட்டியை முழு வேகத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்ததும் ஒளிந்திருந்த இரைச்சல் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்பாவின் குரல் அதற்குள் முங்கிப் போயிற்று.

சித்தப்பா எழுந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். “என்னடா இன்னும் நோண்டிக்கிட்டு? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே. நல்லாத்தானே இருக்கு.”

நிசாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கர் துணியின் மேல் வைத்தான். சித்தப்பாவின் புருவம் ஏறியது. “ஓ, மில்லு ஓடுது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

ராஜேந்திரா ஆலையில் எலக்ட்ரீஷியன். இரைச்சல் என்பது பேய் அல்ல, அதற்குப் பிறந்த இடம் ஒன்று உண்டு, அந்த இடத்தை நெருக்கிக்கொண்டே போனால் அது அகப்பட்டே தீரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. குமிழுக்குக் கட்டுப்படாத உறுமல் என்றால் பெரும்பாலும் கண்டென்சர். சுவரிலிருந்து வரும் கரண்ட் அலையலையாக வரும். அந்த அலையைத் தொட்டித் தண்ணீர் போலத் தேக்கிச் சமமாக அனுப்புவது கண்டென்சரின் வேலை. இந்த ஊர் வெக்கையில் அதன் உள்ளே இருக்கும் பசை காய்ந்துவிடும். தொட்டி வற்றினால் அலை அப்படியே ஸ்பீக்கருக்குப் போய் உறுமும்.

பிளக்கைப் பிடுங்கினான். நிசாம் உள்ளே கை விடப் போனான். ராஜேந்திரா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

“பிளக்கத்தான் புடுங்கிட்டியே.”

“பிளக்கு போனாலும் தேங்குன கரண்ட் உள்ள இருக்கும். ஆளையே தூக்கி அடிக்கும்.” ஒரு பல்பின் இரண்டு வயர்களையும் கண்டென்சரின் இரு முனைகளில் வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்து அவிந்தது. “இப்ப கைய வை.”

வேறு கண்டென்சர் வேண்டும். டவுனுக்குப் போய்வர நேரமில்லை. ராஜேந்திரா உள் அறைக்குள் போய், அப்பாவின் கட்டிலருகே இருந்த ரேடியோவைத் தொட்டுக் காட்டினான். “அப்பா, இத பிரிக்கப் போறேன்.”

சின்னப்பனின் கண்கள் ரேடியோவுக்குப் போய் மகனிடம் திரும்பின. உதடு அசைந்தது. ராஜேந்திரா குனிந்தான்.

“பிரி. அதுல செய்தியெல்லாம் பழசு.”

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ருக்மணி நிமிர்ந்தாள். “என்ன சொல்றாரு?”

“கிண்டல் பண்றாரு.”

“அது ஒண்ணுதான் கொறச்சல். சீக்கிரம் பாருடா. பாதம் சில்லுன்னு ஆயிட்டுது.”

அவன் ரேடியோவைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தான். ரேடியோவின் கண்டென்சரில் அச்சிட்டிருந்த வோல்டேஜை வாசித்தான், தாங்கும். கூட்டல் முனை எது, கழித்தல் முனை எது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, காய்ந்ததைக் கழற்றிவிட்டு இதை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். இதில் முனை மாறினால் வெடிக்கும். பிளக்கைச் செருகினான். பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய் வால்வுகள் மெல்லச் சிவந்தன. உறுமல் இல்லை.

“அரே வா,” என்றான் நிசாம்.

“பொறு.” வால்யூமை மேலே ஏற்றினான். தகரக் கூரையில் மழை பெய்வது போல் ஒரு சடசடப்பு. குமிழைக் குறைத்தால் மழை குறைந்தது. “இது குமிழுக்கு முன்னாடி.”

மைக்கிலிருந்து வரும் குரல் முதலில் போய் நிற்கும் இடம் முதல் வால்வு. அங்கே ஒரு துளி அழுக்கு விழுந்தாலும் அடுத்தடுத்த வால்வுகள் அதையும் குரலென்று நம்பி ஆயிரம் மடங்கு பெரிதாக்கிவிடும். சட்டை முனையால் பிடித்து அந்த வால்வைப் பிடுங்கினான். மழை நின்றது. திரும்பச் செருகி, சூடாகக் காத்திருந்து, பென்சிலால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினான். ஸ்பீக்கரில் டிங் என்று மணி அடித்தது.

“உள்ள கம்பி தளந்துபோச்சு. இதே நம்பர் வேற எங்க இருக்கு?”

நிசாம் குனிந்து பார்த்தான். “அந்தக் கோடியில ஒண்ணு. சத்தத்துக்கு நடுக்கம் குடுக்குறது. கவாலி பாட்டுக்கு அதுதான் உசுரு.”

“இன்னிக்குக் கவாலி கெடையாது.” இரண்டையும் இடம் மாற்றினான். தட்டினான். மணி அடிக்கவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. கதண்டு வண்டு போல ஒரு ரீங்காரம். மைக்கின் உலோக உடம்பை அவன் கையால் தொட்டால் ஒடுங்கியது, விட்டால் எழுந்தது. ராஜேந்திரா முதன்முறையாக முகம் சுளித்தான். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தன.

“எர்த்துக் கால் எங்கே நிசாம்?”

நிசாம் பிடரியைச் சொறிந்தான். “கல்யாண ஷெட்டுல எங்க போனாலும் பல்பு ஹோல்டர்ல இழுத்த கனெக்ஷன். ரெண்டு ஓட்டதான். மூணாவது கால் இடிச்சுது, எங்கூட வாசிக்கிற ஜலால் உடைச்சுட்டான். எங்க பேண்டுல எல்லாப் பிளக்கும் அப்படித்தான்.”

“வேர்த்த கையோட கரண்ட் கம்பி மேல நின்னு வாசிக்கிறீங்க.”

“எப்பவாச்சும் சுர்ருங்கும். அப்ப ஆளுங்க நல்லா ஆடுறாங்கன்னு நெனச்சுப்போம்.”

ராஜேந்திரா சிரிக்கவில்லை. எர்த் வயரின் வேலை இரண்டு: வேண்டாத கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோவது ஒன்று, அந்தக் கரண்ட் மைக்கைப் பிடித்தவன் உடம்பு வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. ரீங்காரம் போகாவிட்டாலும்கூட இந்த மைக்கை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோக முடியாது. அம்மாவின் இஸ்திரிப் பெட்டியிலிருந்த மூன்று கால் பிளக்கை வெட்டியெடுத்து மாட்டினான். மூன்றாவது வயரை இறுக்கிவிட்டு இழுத்துப் பார்த்தான்.

பெட்டியை அறை வாசலுக்கு வெளியே கூடத்தில், அறைக்கு முதுகு காட்டி வைத்தான். ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போனால் கூவிக்கொண்டே சுற்றும்; முகம் திருப்பி வைத்தால் சுற்றாது. சித்தப்பாவின் நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டான். அங்கிருந்து கதவு வழியாக அண்ணனின் முகம் தெரியும்.

மைக்கை அப்பாவின் உதட்டருகே தலையணையில் வைத்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டான். எதுவும் இல்லை. வால்யூமை முழுவதும் ஏற்றினான். அப்போதும் எதுவும் இல்லை. செத்துப்போச்சா பெட்டி என்று நிசாம் வாயைத் திறப்பதற்குள், அப்பாவின் நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் ஓசை கூடத்தில் கேட்டது.

சித்தப்பா விறைத்து உட்கார்ந்தார். “அண்ணே. அம்மா போறப்ப என்னைக் கேட்டாளா?”

மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது.

“வந்துட்டியா.”

“வந்துட்டேன்.”

“கேட்டா.” மூச்சு. “என்னைப் பாத்துக் கன்னையா கன்னையான்னா. நான் சின்னப்பன்மான்னு ரெண்டு தடவ சொன்னேன்.” மூச்சு. “அப்புறம் சொல்லல. கன்னையா வந்துட்டேம்மான்னேன். கையப் புடிச்சுக்கிட்டா.”

ராஜேந்திரா அம்மாவைப் பார்த்தான். அவளுக்கும் இது புதிது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. வேட்டி முனையை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். “தண்ணி குடிச்சாளா?”

“குடிச்சா. நீ குடுக்கறேன்னு நெனச்சு.”

சித்தப்பா எழுந்தார். யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். அம்மா நகர்ந்து இடம் விட்டு டம்ளரை அவரிடம் நீட்டினாள். அவர் அதை அண்ணனின் வாயில் சாய்த்தார்; பாதி மோவாயில் வழிந்தது; மீதி உள்ளே இறங்கியது. அந்த விழுங்கல் கூடம் முழுவதும் கேட்டது. “நாந்தான்,” என்றார் சித்தப்பா, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில். “கன்னையா.”

“தெரியுது. கத்தாத.”

நிசாம் வாசலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றான். ராஜேந்திரா பெட்டியருகே முழங்காலிட்டிருந்தான். ஸ்பீக்கரில் அப்பாவின் மூச்சு வந்துகொண்டிருந்தது. அதன் கீழே உறுமல் இல்லை, மழை இல்லை, ரீங்காரம் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு பெட்டியை அவன் இதுவரை கேட்டதில்லை. மூச்சு வந்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று வந்தது.

பிறகு வரவில்லை.

அவன் பெட்டியின் சிறு விளக்கைப் பார்த்தான், எரிந்தது. வால்வுகளைப் பார்த்தான், ஐந்தும் சிவந்திருந்தன. பிளக்கைத் தொட்டான், மைக் வயர் பெட்டியில் ஏறும் இடத்தை அழுத்தினான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. குமிழைத் திருகப் போனான். அது ஏற்கெனவே கடைசி வரை போயிருந்தது.

உள்ளே அம்மா போர்வையை இழுத்து அப்பாவின் பாதத்தை மூடினாள். துணி துணியில் உரசுவது, நூல் நூலாக, ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

ராஜேந்திரா குமிழிலிருந்து கையை எடுத்தான்.