மாஸ்டர் பூனையான கதை

ரொட்டி அடுப்புக்கு மேலே சிவப்பு விளக்கை மாட்டிவிட்டு எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கும்வரை சமையல் மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமையலறையில் அதுவே பெரிய அதிசயம். அந்த விடுதியில் எது வெந்தாலும் எது கருகினாலும் ஊருக்குத் தெரிவது அவர் தொண்டையால்தான். புதிதாக வந்த ரொட்டிக்காரம்மாவுக்கோ பிறவியிலிருந்தே காது கேட்காது. இனிமேல் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பொத்தானை அமுக்க வேண்டும், விளக்கு எரியும், அவர் திரும்பிப் பார்ப்பார்.

"என் தொண்டைக்குப் பதிலா ஒரு பல்பா?" என்றார் மாஸ்டர்.

"உங்க தொண்டைக்குப் பயந்துதான் ஏற்கெனவே ரெண்டு பேர் ஓடிட்டாங்க," என்றார் மேனேஜரம்மா. "இவங்க சனிக்கிழமை வரைக்கும் பாத்துட்டு, இருக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்னிருக்காங்க. இவங்களும் போயிட்டா அடுப்படிய வேற ஆள் கைல குடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல மாஸ்டர்."

அடுப்படி போனால் மாஸ்டருக்கு மிஞ்சுவது தொப்பை ஒன்றுதான். அதோடு, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த அம்மா சுட்ட ரொட்டியை முதல் நாளே பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காதபோது இன்னொன்றையும் எடுத்திருந்தார்.

மேனேஜரம்மா தினமும் மத்தியானம் எல்லாருக்கும் சைகை வகுப்பு வைத்தார். மாஸ்டர் மட்டும் குழம்பு அடிப்பிடிக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். காது கேளாதவர்கள் தங்களோடு பழகிய ஒவ்வொருவருக்கும் ஆளைப் பார்த்து ஒரு சைகைப் பெயர் வைப்பார்களாம். மேனேஜரம்மாவின் பெயர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது. பரிமாறும் நெட்டையின் பெயர் வாசலில் தலை இடிக்காமல் குனிவது. மாஸ்டருக்கும் ஒரு பெயர் இருந்தது. அவர் உள்ளே நுழைந்தால் போதும், நாலைந்து பேர் கையை எப்படியோ அசைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாஸ்டர் ஒருநாள் நெட்டையை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் மடக்கினார்.

"எனக்கு என்னடா பேரு வச்சிருக்காங்க?"

"வேணாம் மாஸ்டர்."

"சொல்றியா, இல்ல உனக்குச் சாப்பாடு கிடையாதா?"

நெட்டை ஒரு முஷ்டியால் மற்ற உள்ளங்கையில் தொம் தொம்மென்று குத்தினான். பிறகு இரண்டு கைகளையும் கிடுகிடுவென்று நடுங்க வைத்தான். "நீங்க நடந்து வர்றது," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

அது பழைய கட்டடம். சாப்பாட்டுக் கூடம் கீழே, சமையலறை மாடியில், தரை முழுக்க மரப்பலகை. அதன்மேல் பூட்ஸ் காலோடு மாஸ்டர் நடந்தால் அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆனாலும் அதையே பேராக வைப்பார்களா? மாஸ்டருக்கு மனசு விட்டுப்போயிற்று. வீட்டில் மனைவியிடம் புலம்பினார்.

"கீழ் வீட்டுக்காரங்க எத்தன தடவ வந்து, மாவு இடிக்கிறீங்களான்னு கேட்டிருக்காங்க?" என்றாள் மனைவி. "நான் சொன்னா உங்களுக்கு எங்க ஏறுது?" என்றவள் மறுநாளே மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு ஒன்றை வாங்கி வந்தாள்.

அன்றிலிருந்து மாஸ்டர் பூனையானார். தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவர்போல் அடிமேல் அடி வைத்தார். குரலையும் தாழ்த்திக்கொண்டார். சமையலறையே கலங்கிப்போயிற்று. உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பயந்து, காய் வெட்டுகிறவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மாலை விருந்துக்கு ரொட்டி கூடுதலாக வேண்டுமென்று தன்மையாகக் கேட்கலாம் என்று ரொட்டிக்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார் மாஸ்டர். பொத்தானை அமுக்க அவருக்கு இன்னும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சூடான தட்டோடு திரும்பிய அந்த அம்மா ஒரு முழம் துள்ளினார். தட்டு பறந்தது. ரொட்டிகள் மூலைக்கொன்றாக உருண்டன. மாஸ்டர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

ரொட்டிக்காரம்மாவின் கைகள் படபடவென்று பொரிந்து தள்ளின. வகுப்பில் எல்லாரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்ட நெட்டை ஓடிவந்து மொழிபெயர்த்தான். "பேய் மாதிரி பின்னால வந்து நிக்கறீங்களாம். ரெண்டு நாளா யாரு எப்ப வர்றாங்கன்னே தெரியலையாம். இப்படியே இருந்தா நாளையோட சரியாம்."

"நான் அடக்கமாத்தானே நடந்தேன்," என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

நெட்டை அதைச் சைகையில் சொன்னதும் ரொட்டிக்காரம்மா மாஸ்டரின் காலைப் பார்த்தார். குனிந்து, மாவுப் பதம் பார்ப்பதுபோல் செருப்பின் ரப்பரை ஒரு விரலால் அமுக்கினார். பிறகு நிதானமாகச் சைகை செய்தார்.

"இங்க முதுகுக்குப் பின்னால வந்தாலும் தெரியற ஒரே ஆளு நீங்கதானாம்," என்றான் நெட்டை. "நீங்க உள்ள கால் வச்சதுமே தரை சொல்லிடுமாம். மத்தவங்கதான் பூனைங்களாம். அந்தப் பேரு கிண்டலுக்கு வச்சதில்லையாம் மாஸ்டர். எங்களுக்குத்தான் சிரிப்பு வந்துச்சு."

தன் நடையைப் புகழ்ந்து ஒரு வார்த்தை மாஸ்டர் வாழ்நாளில் கேட்டதில்லை. சந்தோஷத்தை மறைக்க, ரொட்டியைப் பொறுக்காமல் என்ன வேடிக்கை என்று நெட்டையை ஒரு பிடி பிடித்தார்.

சனிக்கிழமை பூட்ஸ் திரும்பி வந்தது. மாஸ்டர் வாசலில் கால் வைத்ததும் ரொட்டிக்காரம்மா திரும்பாமலே நகர்ந்து வழிவிட்டார். அந்த அம்மாவின் பின்னால் போகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மாஸ்டர் உத்தரவு போட்டார். மேனேஜரம்மாவும் கால் நோக ஒரு மிதி மிதித்தார். ஆனால் இருப்பதா போவதா என்று ரொட்டிக்காரம்மா மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானக் கூட்டத்தின் நடுவில், அந்தக் கவலையோடே கண்ணை மூடிக் குழம்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். தொம். கரண்டிக் குழம்பு தளும்பியது. திரும்பினார். காலியான மாவு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரொட்டிக்காரம்மா நின்றார். டின்னைக் காட்டினார், கையை முன்னால் நீட்டி ஒரு சைகை செய்தார். அன்று காலை நெட்டையிடம் தனியாகக் கேட்டு மாஸ்டர் தெரிந்துவைத்திருந்த ஒரே சைகை அது. நாளைக்கு. நாளைக்கும் மாவு வேண்டும்.

பதில் சொல்ல மாஸ்டருக்குச் சைகை தெரியாது. தெரிந்ததைச் செய்தார்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கும் விளக்குகள் எல்லாம் ஒரு முறை ஆடின. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் பயந்துபோய் மேலே பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றான் நெட்டை சூப்பை வைத்துக்கொண்டே. "மாடில பேசிக்கிட்டிருக்காங்க."

கிண்ணத்துச் சூப்பில் வட்டம் வட்டமாக அலை எழும்பி அடங்கியது. அடங்கியதும் மேலேயிருந்து மறுபடி ஒரு தொம், இந்த முறை கொஞ்சம் மெலிதாக.