றாஹிலாவின் காணி மண்

மண் எடுத்ததை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. அரைச் சாக்கு மண். வெயில் தணிந்த பிறகு, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், என் கணவர் ஜவுபரின் பழைய சாறனை நனைத்து மேலே மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒளித்துச் செய்கிற வேலை என்றால், கல்முனைச் சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிற பாதையால் நான் ஏன் வரவேண்டும்? இந்தச் சின்னக் கேள்வி ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காணி என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. புதுக் குளத்துத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்ட வந்த மிசின், அதன் மேல்மண் முழுவதையும் வழித்து அணைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது மஞ்சள் மண். கிணற்றுத் தண்ணீர் இறைத்து இரண்டு தடவை கச்சான் கடலை போட்டோம். இரண்டு தடவையும் செடி ஒரு சாண் வளர்ந்து, காமாலை வந்த பிள்ளையைப் போல வெளிறி நின்றுவிட்டது. இன்னொரு தடவையும் இப்படியானால் காணியை விற்றுவிட்டு, கூலிக்குப் போவதாக ஜவுபர் சொல்லியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் றாஹிலாவின் காணி, மிசின் தொடாதது. அங்கே கச்சான் கரும்பச்சையாகச் செழித்துக் கிடந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் விவசாயப் போதனாசிரியர் பெனடிக் ஐயா சைக்கிளில் வந்தார். இரண்டு காணியிலும் ஒவ்வொரு செடி பிடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் செடியின் வேர் வெறும் வேர். றாஹிலாவின் செடி வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள். அந்த முடிச்சுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் குடியிருக்கின்றனவாம். அவை காற்றிலுள்ள சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்க, செடி அவற்றுக்குச் சீனி கொடுக்குமாம். பிறகு மண்ணைக் கிளறி, மருதமுனைத் தறியில் அறுந்து விழுந்த நூலைப் போன்ற வெள்ளை இழைகளைக் காட்டினார். அது ஒருவகைப் பூஞ்சணம், வேருக்கு எட்டாத இடத்துச் சத்தையும் ஈரத்தையும் அதுதான் கொண்டுவந்து சேர்க்கிறது என்றார். மிசின் வழித்துக்கொண்டு போனது இவற்றைத்தான். இவை இல்லாத மண்ணில் எவ்வளவு உரம் கொட்டினாலும் ஆளில்லாத வீட்டில் சோறு வைப்பது மாதிரித்தான் என்றார். நல்ல காணி மண்ணைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து, விதையோடு பிசறி, அந்தியில் நடச் சொன்னார். வெயில் பட்டால் அந்த உயிர்கள் செத்துப்போகும், மூடிக் கொண்டுபோ என்றும் சொன்னார்.

றாஹிலா அப்போது தலைப்பிள்ளை வயிற்றோடு இருந்தாள். ஓதப்பள்ளியில் ஒரே பாயில் இருந்து அலிஃப் படித்த நாளிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். வேலியடியில் நின்று கேட்டேன். தேவை என்றால் இரண்டு சாக்கு எடு என்று சிரித்தாள்.

விதை நட்டு, முளை வெளியே வந்து, இலை விரிந்த சமயத்தில் றாஹிலாவுக்குக் காய்ச்சல் பிடித்தது. கால் வீங்கியது. பரிசாரி வைத்தியரின் குளிகைக்கும் அது அசையவில்லை. அவளுடைய வாப்பா மீராசாஹிபுவுக்கு அப்போதுதான் நான் அந்தி நேரத்தில் சாக்கோடு போனது ஞாபகம் வந்தது. ஒருவர் காணி மண்ணை எடுத்துச் சூனியம் செய்வது எங்கள் பக்கத்தில் பெரிய பயம். அதிலும் நான் பிள்ளை இல்லாதவள். பிள்ளை இல்லாதவள், பிள்ளைத்தாய்ச்சியின் மண், மஃரிபு நேரம், நனைத்த துணி. இவ்வளவும் போதும், ஊர் மீதியைத் தானே தைத்துக்கொண்டது.

பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் அபுல் ஹஸன் வீட்டில் விசாரணை நடந்தது. ஆண்கள் மண்டபத்தில் இருந்தார்கள். நான் அறைவாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். றாஹிலா தந்துதான் எடுத்தேன் என்று சொன்னேன். அவளிடம் கேட்டுவர ஆள் போனது. போனவர் திரும்பி வந்து, தான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை என்கிறாள் என்றார். சூனியக்காரி என்று ஊர் சொன்னது இவ்வளவு சுடவில்லை.

மரைக்கார் கெட்ட மனுஷர் இல்லை. என்னைத் தப்பவைக்கத்தான் பார்த்தார்.

"மகள், குர்ஆன்ல கை வெச்சு ஒரு சொல் சொல்லு. அது வெறும் மண், அதுக்குள்ள வேற ஒண்டும் இல்ல எண்டு. இத்தோட முடிப்பம்."

எவ்வளவு சின்னச் சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது பொய். அந்த மண்ணில் ஒன்றும் இல்லையென்றால் நான் அதை எடுத்தே இருக்க மாட்டேன். பொய்யைக் குர்ஆனில் கை வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"வெறும் மண் எண்டு சொல்ல ஏலா மரைக்கார்," என்றேன். "அதுக்குள்ள உயிர் இரிக்கி. கண்ணுக்குத் தெரியாது. அதுக்காகத்தான் எடுத்தன்."

ஜவுபர் அவசரமாக பெனடிக் ஐயா சொன்னதைச் சொல்லத் தொடங்கினார். பெனடிக் ஐயாவோ மாற்றலாகி மன்னாருக்குப் போய்விட்டார், கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. நான் சூனியம் செய்யவில்லை என்று வேண்டுமானால் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். கண்ணுக்குத் தெரியாததைக் கொண்டுபோனதாக அவளே ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் என்ன சத்தியம் என்று கேட்டு மீராசாஹிபு அழுதார். ஒரே மகள். அந்த அழுகையைக் கேட்டபோது அந்த மனுஷரை முழுதாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

மரைக்கார் வெள்ளிக்கிழமை வரை தவணை தந்தார். அதற்குள் சொன்னபடி சத்தியம் செய்யாவிட்டால், ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து என் காணி மண்ணைச் செடியோடு வழித்துக் கடலில் கொட்டுவார்கள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில் யாரும் வரமாட்டார்கள். செத்தால் சந்தூக்குப் பெட்டி தூக்கவும் ஆள் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

அன்றிரவு ஜவுபர் சோற்றைத் தொடவில்லை. சொல்லிவிட்டால் என்ன, உன் மனதை அல்லாஹ் அறிவான்தானே என்று கெஞ்சினார்.

"அவன் அறிவான். அதாலதான் சொல்ல ஏலாம இரிக்கி," என்றேன்.

அந்த வாரம்தான் என் கச்சான் பச்சை பிடித்தது. வெளிறல் இல்லை, கரும்பச்சை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. தண்ணீர் அள்ளப் போனால் பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். றாஹிலாவின் யன்னல் சாத்தியபடியே இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த யன்னலைப் பார்த்தேன். எனக்கு வெட்கமும் இல்லை.

வெள்ளிக்கிழமை தொப்பியும் கழற்றாமல், மண்வெட்டிகளோடு வந்தார்கள். மரைக்கார் கடைசித் தடவையாகக் கேட்டார். நான் ஒரு செடியைப் பிடுங்கி உதறினேன். வேர் நிறைய முடிச்சு. வந்துவிட்டன. என் மண்ணில் குடியேறிவிட்டன.

"இதுதான் நான் கொண்டுவந்த உயிர். பாருங்க," என்று ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தேன். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பெனடிக் ஐயா சொல்லியிருந்தார். நல்ல சிவப்பு. நகத்தில் ஒட்டியது. நான் சிரித்துக்கூட இருப்பேன், யார் முன்னால் நிற்கிறேன் என்பதை மறந்துபோனேன்.

"இரத்தம்," என்றார் ஒருவர். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.

என் வாயாலும் கையாலும் நானே என்னை மாட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. மீராசாஹிபு மண்வெட்டியைத் தூக்கினார். றாஹிலாவின் காணியிலும் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கும்படி கத்தினேன். மரைக்காரே வேலியைத் தாண்டிப்போய்ப் பிடுங்கினார். பேனாக்கத்தியால் பிளந்தார். அதே முடிச்சு. அதே சிவப்பு. இன்னும் அதிகம்.

இனி வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். நான் ஒரு மடைச்சி. மீராசாஹிபுவின் முகம் சாம்பலாகியது. என் பிள்ளையின் காணியையும் கெடுத்துவிட்டாள் என்று ஓலமிட்டபடி வேலியைத் தாண்டி ஓடி, தன் மகளின் கச்சானிலேயே வெட்டத் தொடங்கினார். பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கிற செடிகள். முதல் வரிசை சரிந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

வெட்டட்டும், நாசமாகப் போகட்டும் என்றுதான் என் மனம் சொன்னது. கால் கேட்கவில்லை. ஓடிப்போய் மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இது உங்கட புள்ளைட சோறு மாமா. என்னை ஊரைவிட்டு அனுப்புங்க. இத வெட்டாதீங்க."

அவர் தள்ளினார். நான் பாத்திக்குள் விழுந்தேன். பிடியை விடவில்லை. இழுத்த இழுப்பில் உள்ளங்கை தோல் உரிந்தது.

"உடுங்க வாப்பா."

றாஹிலா. வீங்கிய காலோடு, செருப்பில்லாமல், வேலிக் கம்பு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"காணி என்ர பேர்ல இரிக்கி. மண்ணும் என்ர. நான்தான் அவள எடுக்கச் சொன்னன்," என்றாள். பிறகு மரைக்காரின் கையிலிருந்த வேரை வாங்கி, ஒரு முடிச்சைக் கிள்ளி வாயில் போட்டாள். மீராசாஹிபு மண்வெட்டியை விட்டுவிட்டுப் பாய்ந்தார். அதற்குள் மென்று விழுங்கிவிட்டாள்.

"சூனியம் எண்டா முதல்ல எனக்குப் புடிக்கட்டும்."

மீராசாஹிபு வெட்டிய செடிகளுக்கு நடுவே அப்படியே குந்திவிட்டார். காணிக்குச் சொந்தக்காரி தந்த மண்ணில் ஊருக்கு வழக்கு இல்லை என்று மரைக்கார் சொல்லி ஆட்களை அனுப்பினார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அவர்கள் போனார்கள். ஒருவர்கூட மன்னிப்பு என்று வாய் திறக்கவில்லை.

நான் பாத்திக்குள் கிடந்தபடியே அழுதேன். நிம்மதியால் இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் சாத்தின யன்னலைப் பார்த்திருந்தேன். என் மண் மட்டும் போகப்போகிறது என்றிருந்த வரைக்கும் அது வரவில்லை. அவள் மண்ணில் மண்வெட்டி விழுந்த பிறகுதான் வந்தது.

றாஹிலா என் பக்கத்தில் வந்து, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வயித்துப் புள்ளைய நினைச்சுப் பயந்து போனன்கா," என்றாள். "கோவமா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவளுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை, முழங்கால் மடிந்தது. நான் எழும்பி, அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.