ஆரஞ்சு போதாது

தேர்வாய் கண்டிகையில் அந்த ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் மூன்று வருடமாகச் சோதனை செய்வது பிரின்சி. பதிவேட்டில் ‘சோதித்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது தலைமை ஆய்வாளர் ஆதிகேசவன். கான்ட்ராக்ட் ஆட்கள் அந்தக் கட்டத்தில் பேனா வைக்கக் கூடாதாம். என்ன நியாயமோ, சட்டம் போட்ட மகராசனுக்குத்தான் வெளிச்சம்.

அன்று காலை ஆறு பீப்பாய் அசிட்டோன் வந்து இறங்கியது. ஆரஞ்சுச் சோதனை ஒன்றைச் செய்து, நிறம் வந்தால் சரக்கை உள்ளே அனுப்பிவிடுவது அங்கே பழக்கம். நாலு சொட்டு விட்டதுமே ஆரஞ்சு நிறத்தில் மண்டி இறங்கியது. ஆனாலும் பிரின்சிக்கு மனசு ஒப்பவில்லை. நெயில் பாலிஷ் அழிக்கிற அந்த வாடையைக் காணோம். வேறு ஏதோ மூக்கைக் குத்தியது.

ஆரஞ்சு சொல்வது ஒன்றைத்தான்: உள்ளே கார்போனைல் இருக்கிறது, அதாவது ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பில் பிடித்திருக்கும் கார்பன். அது நடுவில் இருந்தால் கீட்டோன். அசிட்டோன் அந்த வகை. ஓரத்தில், ஹைட்ரஜனோடு ஒட்டியிருந்தால் ஆல்டிஹைடு. இரண்டுக்கும் அதே ஆரஞ்சு வரும். பிரித்துக் காட்ட வெள்ளிச் சோதனை வேண்டும்; ஆல்டிஹைடு மட்டும் கண்ணாடிக் குழாயில் வெள்ளி பூசும்.

அவள் சரக்கை நிறுத்தச் சொன்னாள். ரியாக்டர் தயாராகக் காத்திருந்தது. ஆதிகேசவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஆரஞ்சு வந்துச்சில்ல? அப்புறம் இன்னா பேஜாரு? அரை மணி நேரம் தர்றேன். நீ சொல்றது தப்புன்னா நாளைலேர்ந்து கேட்டாண்ட வராதே.”

வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். இருந்தாலும் சில்வர் நைட்ரேட்டில் அம்மோனியா விட்டுக் கரைசலைப் புதிதாகக் கலந்தாள். சூடுபடுத்தும் தொட்டி ஒரு வாரமாகப் படுத்துக்கிடந்தது. ஆபரேட்டர் லோகு, டீக்கு வைத்திருந்த வெந்நீரைத் தன் டிபன் பாக்ஸில் ஊற்றிக் கொடுத்தார். புதுச் சரக்கும் கரைசலும் கலந்த குழாயை அதில் நிறுத்தினாள். வந்ததோ வெறும் கறுப்புக் கசடு. ஆதிகேசவன் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும் சிரிப்பு அது.

பிரின்சி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைப்பதுதான் அங்கே எல்லாருக்கும் வழக்கம், அவளுக்கும்தான். உள்ளே தங்கிவிட்ட சோப்புப் படலத்தின் மேல் வெள்ளி எப்படி ஒட்டும்? இரண்டு குழாய்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசினாள். ஒன்றில் புதுச் சரக்கு, மற்றதில் பழைய பீப்பாயின் நல்ல அசிட்டோன். இரண்டையும் டிபன் பாக்ஸில் நிறுத்தினாள்.

பழைய அசிட்டோன் அப்படியே தெளிவாக நின்றது. பக்கத்துக் குழாய் பழுப்பாகி, அடியிலிருந்து மேலே பளபளவென்று வெள்ளி பூசிக்கொண்டது. ஆதிகேசவனின் முகம் அதில் கோணலாகத் தெரிந்தது. பிரின்சிக்குச் சந்தோஷத்தில் கூவ வேண்டும் போலிருந்தது.

“இதுல ஆல்டிஹைடு இருக்குது சார். உள்ள போட்டிருந்தா மொத்த பேட்ச்சும் போயிருக்கும்.”

ஆதிகேசவன் போனை எடுத்து ஆறு பீப்பாயையும் திருப்பி அனுப்பச் சொன்னார். பதிவேட்டைத் திறந்து, வழக்கம்போல் பேனாவைக் கையில் எடுத்தார். கட்டத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“நீயே போடும்மா.”

‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு, சோதித்தவர் கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டாள்: ஜெ. பிரின்சி ஆரோக்கியமேரி. இடம் போதாமல், பெயர் பக்கத்துக் கட்டத்துக்கும் போனது.