மேற்கணக்கு டிராக்டரின் தூக்குக் கைகள்

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் ஓடிய பழைய சிவப்பு டிராக்டரின் தூக்குக் கைகள், பக்கத்தில் நிற்கிற யாராவது தான் செய்த தப்பை வாய்விட்டுச் சொன்னால்தான் எழும்பின. டீசலுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற வருடத்துக்கு அடுத்த வருடம் இது தெரியவந்தது. அதுவரை எண்ணெயைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்து மெக்கானிக் அழகுமுத்து செய்யாத வேலையில்லை. எண்ணெயை மாற்றினான், வடிகட்டியைக் கழுவினான், ஹட்டனிலிருந்து வேறு பம்பு கொண்டுவந்து பூட்டினான், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டான். இஞ்சின் நன்றாகத்தான் முழங்கியது. பின்னாலுள்ள கைகளோ கொழுந்து மூட்டைப் பெட்டியை ஒரு சாண் தூக்கிவிட்டு, அலுத்துக்கொண்டதுபோல இறங்கிவிடும். ஒருநாள் மழையில் காத்து நின்று சலித்துப்போன நாகலெட்சுமி, டிரைவர் யேசுரட்ணத்திடம், "அண்ணே, இன்னைக்கு நான் கொழுந்துல தண்ணி தெளிச்சுத்தான் நிறுக்கக் குடுத்தேன். அந்தப் பாவந்தான் போல," என்று சிரித்தாள். பெட்டி இடுப்பளவுக்கு எழும்பி நின்றது.

அதன்பிறகு ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போதே, அன்றைக்குத் தப்புச் சொல்கிறவர் யார் என்பதும் தீர்மானமாகிவிடும். சின்னத் தப்புக்குச் சின்னச் சுமை. ஒரு தப்பு ஒரு தடவைதான் செல்லும். மாதா கோயில் வேதக்காரர்களுக்கு இது பழகிய வேலை என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். ஆனால் சாமியாரிடம் ஏற்கெனவே சொல்லி மன்னிப்பு வாங்கிய பாவத்துக்கு டிராக்டர் அசையவேயில்லை. பாவம், யேசுரட்ணம் புதிதாகத் தேடவேண்டியிருந்தது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாகூட ஒருநாள் தராசைப் பற்றி ஏதோ முணுமுணுக்க, பெட்டி ஒரே மூச்சில் மேலே போனது. அழகுமுத்து மட்டும் வாய் திறக்கவில்லை. "நான் மெக்கானிக்குங்க. லீவரைப் புடிக்கிறதுதான் என் வேலை," என்பான்.

அவனுக்குப் பயம், அதுதான் உண்மை. சில வருடங்களுக்கு முன் அவனுடைய அண்ணன் சிவசாமி, இதே கைகள் தூக்கிப் பிடித்திருந்த இரும்புப் பலகைக்கு அடியில் படுத்து ஆணி மாட்டும்போது, கைகள் இறங்கியதில் நசுங்கிச் செத்தான். தோட்டம் வாங்கிக் கொடுத்த புது ரப்பர் வளையத்தை அழகுமுத்து காசுக்காகப் பூண்டுலோயாவில் ஒரு மரக்கறித் தோட்டக்காரரின் டிராக்டருக்குப் போட்டுவிட்டு, இதற்குப் பழையதையே திருப்பி மாட்டியிருந்தான். விசாரணையில் தோட்டத்து மேனேஜர் துரை, "குடிச்சிருந்தானா?" என்று கேட்டார். "இருக்கலாங்க," என்றான் அழகுமுத்து. சிவசாமி சாராயத்தைத் தொட்டதே கிடையாது. அந்த ஒரு சொல்லில் அவன் குடிகாரனாகிப்போனான். அவன் மனைவி பூரணி அவமானத்திலும் ஆத்திரத்திலும் சாவு வீட்டில்கூட அழவில்லை. அதற்குப் பிறகு அழகுமுத்துவுக்கு மூன்று வேளையும் சோறு போட்டவள் அவள்தான். அவனுக்கென்று இருந்த வீடும் அது ஒன்றுதான்.

போன ஐப்பசி மழையில் மண்மேடு சரிந்து பூரணியின் லயக் காம்பராவின் பின்சுவர் விழுந்தது. கூரை மரமும் அதன்மேல் ஒரு பாறையுமாக அவள் மகள் சுலக்ஷனாவின் கால்மேல் கிடந்தன. டிராக்டரைப் பின்னுக்கு எடுத்துக் கைகளில் சங்கிலி கட்டி மரத்தோடு பிணைத்தார்கள். லயமே கூடி நின்று, இருந்த தப்பையெல்லாம் சொன்னது. புருசன்மார் பெண்சாதிமாருக்கு முன்னாலேயே சொன்னார்கள். மரம் விரற்கடை உயர்ந்தது, அவ்வளவுதான். மேலே மண் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, வலிக்குது," என்றாள் சுலக்ஷனா.

அழகுமுத்து லீவரைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "அண்ணன் குடிக்கல. புது வளையத்த நான் வெளிய வேற டிராக்டருக்குப் போட்டுட்டேன். பழசு தாங்கல. நாந்தான் கொன்னேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்."

கைகள் ஒரேயடியாக உச்சிக்குப் போயின. மரமும் பாறையும் அந்தரத்தில் தொங்க, யேசுரட்ணம் பிள்ளையை இழுத்தெடுத்தார்.

பூரணி மகளின் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப அவரு குடிக்கலயா?" என்றாள்.

"இல்லண்ணி."

அவள் சேற்றிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். தவறிப்போன சாவு வீடு அன்றைக்குத்தான் நடந்தது.

கைகள் பிறகு இறங்கவில்லை. எண்ணெய் முழுவதையும் வடித்துப் பார்த்தும் அப்படியே நிற்கின்றன. நிர்வாகம் கொழுந்து ஏற்றக் கீழ்க்கணக்கிலிருந்து வேறொரு டிராக்டரை அனுப்பியது. சுலக்ஷனா கொஞ்சம் விந்தி நடக்கிறாள். அழகுமுத்து தனியாகப் பொங்கித் தின்கிறான்.

தீபாவளிக்கு முந்தைய நாள் செத்தவர்களுக்குப் படையல் வைப்பது வழக்கம். குடிகாரன் என்பதால் சிவசாமிக்கு வருடா வருடம் ஒரு போத்தல் சாராயம் வைத்தார்கள். அதை வாங்கி வந்தவன் அழகுமுத்து. படையல் முடிந்ததும் குடித்தவனும் அவன்தான். இந்த வருடம் அவன் யாரும் கூப்பிடாமலே வந்து வெறுங்கையோடு வாசலில் நின்றான். பூரணி படையலிலிருந்து ஒரு கிளாசை எடுத்து வந்து நீட்டினாள். உள்ளே பால் சேர்க்காத, ஆறிப்போன பிளேண்டீ.

"குடிங்க தம்பி. அவரு குடிச்சது இதத்தான்."

அழகுமுத்து அதை நின்றபடியே குடித்தான்.