தேவநாதனின் கை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது திருட்டுக் கதை. 2005 தீபாவளி மலருக்குப் போர்க்கதை கேட்டார்கள். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் பார்த்த பெரிய கப்பல், பிச்சாவரம் படகுதான். எனவே கடலூரிலிருக்கும் என் அக்கா விருத்தாம்பாளின் வாழ்க்கையில் கைவைத்தேன்.

அக்கா புருஷன் தேவநாதன் கடற்படையின் நாசகாரிக் கப்பலில் சமையல்காரர். முப்பத்து நாலு வருடத்துக்கு முன் போரில் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. (கப்பலின் பெயரைத் தேடாதீர்கள். நானே வைத்து, பிடிக்காமல் நானே அடித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: ‘நடுக்கடல். உச்சிவெயில். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது நாசகாரியின் வயிற்றில் டார்ப்பிடோ பாய்ந்து—’

அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“சாம்பாரா? அவுருக்கு சப்பாத்தி டூட்டிடா. லெட்டர்ல எழுதியிருக்காரு.”

அடித்தேன். இரண்டாவது தொடக்கம்: ‘தேவநாதன் கடலில் குதித்து, மீனைப் போல—’

“மீனா? கல்யாணமான புதுசுல கெடிலம் ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னுகிட்டு, ‘விருத்தா, கையப் புடிடி’ன்னு கத்துனவரு. அப்பறந்தான் நேவிக்குப் போனாரு.”

அதையும் அடித்தேன். என் கதையில் எனக்கே அதிகாரம் இல்லை.

3

கடற்படையிலிருந்து வந்த கடிதம் ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்றது. “கருதறவங்க கருதிக்கட்டும்” என்று சொல்லி, அக்கா பொட்டை அழிக்கவே இல்லை. சுனாமியில் காணாமல் போனவர்களுக்கே காரியம் செய்தாயிற்று, அண்ணனுக்கு மட்டும் என்ன என்று தேவநாதனின் தம்பி ராமாமிர்தம் கிளம்பிவிட்டார். வருகிற தை அமாவாசைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் காரியம் செய்ய ஐயரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அக்கா சொன்னார்: “பழனி, எழுதறவன் நீதான். ஒன் கதையில அவுரு செத்துட்டார்னா பொட்ட அழிச்சிடறேன். பொழைச்சார்னா ராமாமிர்தத்த வாய மூடச் சொல்றேன்.”

இருபது வருடமாக எழுதுகிறேன். என் கதையை நம்பிய ஒரே வாசகர் இவர்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது.

4

முடிவு அ: கப்பலோடு மூழ்கினார். ஒரே வரி. அக்காவின் நெற்றி ஞாபகம் வந்தது. பேப்பர் தீர்ந்துவிட்டதென்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். (ஜெராக்ஸ் கடையில் பேப்பர் இல்லையாம்!)

முடிவு ஆ: பிழைத்தார். ஏதோ ஒரு கரையில் இன்னொருத்தி, மூன்று பிள்ளைகள்.

“அதுக்கு அந்தாளு செத்தே போவட்டும்!”

போனை வைத்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

“பழனி... நேவியில நீச்சல் கத்துக் குடுத்திருப்பாங்கல்ல?”

நான் அழுதுவிட்டேன். [எழுதுகிறவன் கதைக்குள் அழக்கூடாது என்பார் மலர் ஆசிரியர். அவருக்கென்ன, அவர் அக்காவா?]

5

கடைசி வரைவில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘தேவநாதன் தண்ணீருக்கு மேலே வந்து, கையை’

இதற்குமேல் என்னால் ஆகவில்லை. தை அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மூழ்கடியுங்கள், கரையேற்றுங்கள், உங்கள் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை. முடிக்கிறவர் என் அக்காவுக்குப் போன் செய்து, அந்த வரியைத் தன் வாயால் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.